'லிட்டில்' என்றால் கொஞ்சமா, கொஞ்சம்தானா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவர், கணக்கு எழுதுவதில் தனக்கு ஓரளவு பழக்கம் உண்டு என்று சொல்ல நினைக்கிறார். 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறார். வாக்கியத்தில் எழுத்துப் பிழை கிடையாது. இலக்கணமும் சரிதான். ஆனால் மறுமுனையில் படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி வேறு: 'கணக்கு வேலையில் எனக்கு அனுபவம் இல்லை என்றே சொல்லலாம்.' அந்த இளைஞர் எழுத நினைத்தது 'எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்'. விட்டுப்போனது 'எ' என்ற ஒரே எழுத்து. அதோடு சேர்ந்து அவருடைய அனுபவமும் போய்விட்டது.

கல்லூரி மாணவர்கள் ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்களிலும் இது நடக்கிறது. பாடத்தில் சின்னதாக ஒரு சந்தேகம் என்ற பொருளில் 'ஐ ஹேவ் லிட்டில் டவுட்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'எனக்குச் சந்தேகமே இல்லை' என்று பொருள். கேட்க வந்த மாணவர் 'எல்லாம் தெளிவாகிவிட்டது' என்று அறிவித்துவிடுகிறார். கேள்வி என்ற பொருளில் 'டவுட்' என்று சொல்வதே இந்திய வழக்கு. வெளிநாட்டு ஆசிரியருக்கு எழுதும்போது 'எ கொஸ்டின்' என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமிருக்காது.

பெரிய அளவுகளைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் இவ்வளவு படுத்துவதில்லை. குறைவைச் சொல்லும் சொற்களில்தான் வழுக்கல் அதிகம். காரணம், அவை அளவை மட்டும் சொல்வதில்லை. அந்த அளவு போதுமா போதாதா என்ற எழுதுபவரின் தீர்ப்பையும் சேர்த்தே சொல்கின்றன.

பன்னிரண்டு பேர் வந்த கூட்டம்

அடிப்படை விதி எளியது. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூ', 'எ ஃபியூ'. எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்'. 'எ' சேர்ந்தால் 'கொஞ்சமாவது இருக்கிறது' என்ற நிறைவு. 'எ' இல்லாவிட்டால் 'இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு' என்ற குறை.

ஒரு நூலகத்தில் வாசகர் கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நூறு நாற்காலி போட்டுக் காத்திருந்தவர் அறிக்கை எழுதினால் 'ஃபியூ பீப்பிள் கேம்' என்பார். கொட்டுகிற மழையில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தவர் 'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்பார். வந்தவர்கள் அதே பன்னிரண்டு பேர். இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரி. மாறியது எழுதியவரின் எதிர்பார்ப்பு. இதை முடிவு செய்யாமல் பேனாவை எடுப்பவருக்கு எந்த விதியும் உதவாது.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 'அரிசி கொஞ்சம் இருக்கிறது' என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் இன்றைய சமையலுக்குக் கவலை இல்லை. 'அரிசி கொஞ்சம்தான் இருக்கிறது' என்று வந்தால் யாராவது கடைக்குக் கிளம்ப வேண்டும். தமிழில் 'தான்' சேர்ந்தால் குறை. ஆங்கிலத்தில் 'எ' நீங்கினால் குறை. ஒரு மொழி சேர்த்துச் சொல்வதை இன்னொரு மொழி எடுத்துச் சொல்கிறது. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'ஒரு' கட்டாயமில்லை என்பதால், ஆங்கிலத்தின் 'எ'யும் விட்டால் குற்றமில்லாத ஒன்றாகத் தமிழர் காதுக்குத் தோன்றிவிடுகிறது. மற்ற இடங்களில் அதை விட்டால் வாக்கியத்தின் அழகு கெடும், பொருள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் பொருளே தலைகீழாகும்.

சந்தேகம் வரும்போது சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 'எ' இல்லாத 'ஃபியூ'வும் 'லிட்டிலும்' எதிர்மறைச் சொற்களின் குணம் கொண்டவை. 'எவர்', 'எனி' போன்ற சொற்கள் எதிர்மறையோடு பழகுபவை. 'ஃபியூ பீப்பிள் ஹேவ் எவர் ஸீன் இட்' என்பது இயல்பான ஆங்கிலம். 'எ ஃபியூ பீப்பிள் ஹேவ் எவர் ஸீன் இட்' என்பது நிற்காது. பள்ளித் தேர்வுகளில் வரும் வினா ஒட்டுகளும் இதையே காட்டுகின்றன. 'ஃபியூ பீப்பிள் நியூ த ஆன்ஸர்' என்ற வாக்கியத்தில் 'நாட்' இல்லாவிட்டாலும் அது எதிர்மறையாகவே கொள்ளப்படுகிறது. அதனால் ஒட்டு 'டிட் தே?' என்று உடன்பாட்டில் வரும். 'எ ஃபியூ பீப்பிள்' என்று தொடங்கினால் 'டிடின்ட் தே?' என்று மாறிவிடும். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் மதிப்பெண்ணை இழக்கும் இடம் இது.

இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ரென், மார்ட்டின் இலக்கண நூல் மூன்றாவது வடிவம் ஒன்றையும் கற்றுத்தருகிறது: 'த ஃபியூ', 'த லிட்டில்'. இருந்தது குறைவு, ஆனால் இருந்த அத்தனையும் என்பது இதன் பொருள். 'கையில் இருந்த கொஞ்சப் பணத்தையும் செலவழித்துவிட்டான்' என்று தமிழில் 'உம்' போட்டுச் சொல்வதை ஆங்கிலம் 'த லிட்டில் மணி ஹி ஹேட்' என்று சொல்லும்.

'ஃபியூ' என்ற சொல்லின் வலிமையை உலகம் கேட்ட நாள் 1940 ஆகஸ்ட் 20. ஜெர்மானியப் போர் விமானங்கள் பிரிட்டன் மீது தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த வேளையில், பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசினார். இத்தனை பேர் இவ்வளவு கடன்பட்டது மிகச் சிலருக்கே என்ற கருத்தில், அவர் 'மச்', 'மெனி', 'ஃபியூ' ஆகிய மூன்று அளவுச் சொற்களை ஒரே வாக்கியத்தில் அடுக்கினார். அன்று முதல் அந்த வான்போரில் பிரிட்டனுக்காகப் பறந்த சுமார் 3,000 விமானப்படை வீரர்களுக்கு 'த ஃபியூ' என்பதே பெயராகிவிட்டது. அங்கே 'எ ஃபியூ' என்றிருந்தால் 'ஏதோ சிலர்' என்று நீர்த்துப்போயிருக்கும்.

'எ' இல்லாத வடிவம் கொஞ்சம் எழுத்து நடையைச் சேர்ந்தது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். 1980இல் வெளிவந்து இன்றும் ஆங்கில ஆசிரியர்கள் புரட்டும் மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' இதைச் சுட்டிக்காட்டுகிறது. பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் 'நாட் மெனி', 'நாட் மச்', 'ஒன்லி எ ஃபியூ', 'ஒன்லி எ லிட்டில்' என்பவையே இயல்பாக வருகின்றன. தமிழ் மனத்துக்கும் இந்த வழி எளிது. 'கொஞ்சம்தான்' என்பதில் உள்ள 'தான்' இங்கே 'ஒன்லி'யாக வெளிப்படையாக நிற்கிறது. படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்ள இடமே இல்லை.

ஒரு பொறியும் உண்டு. 'குவைட் எ ஃபியூ' என்பதைப் பார்த்ததும் 'மிகவும் சிலர்' என்று எண்ணத் தோன்றும். அதன் பொருள் 'கணிசமானோர்'. 'நாட் எ ஃபியூ' என்பதும் அப்படித்தான். 'குவைட் எ ஃபியூ கஸ்டமர்ஸ் கம்ப்ளைன்ட்' என்று கிளை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், புகார்கள் குவிந்திருக்கின்றன என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணலாமா, அளக்கலாமா?

அடுத்த சிக்கல், எது எண்ணக்கூடியது என்பது. புத்தகம், மாணவர், நாள் என்றால் தயக்கமில்லை. தண்ணீர், மணல், பொறுமை என்றாலும் தயக்கமில்லை. தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்களில்தான் தடுமாற்றம். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள் என்று தாராளமாகப் பன்மை போடுகிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எவிடன்ஸ்' ஆகியவை எண்ணப்படாத சொற்கள். 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'ஹோம்வொர்க்' ஆகியவையும் இதே கூட்டம். நாற்காலிகளை எண்ணலாம், 'ஃபர்னிச்ச'ரை எண்ண முடியாது. அலுவலகச் சுற்றறிக்கைகளில் தென்படும் 'ஃபியூ ஃபர்னிச்சர்ஸ்', 'எ ஃபியூ அட்வைசஸ்' ஆகியவை இதனால்தான் தவறாகின்றன. 'எ லிட்டில் அட்வைஸ்' என்றோ, எண்ணிக்கை வேண்டுமானால் 'டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ்' என்றோ எழுத வேண்டும்.

இந்த 'பீஸ்' வகைச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம், தமிழருக்கு அன்னியமும் அல்ல. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துளி தேன், ஒரு பிடி அவல், ஒரு கீற்று மாங்காய் என்று எண்ண முடியாததை எண்ணும்படி ஆக்கத் தமிழ் எப்போதோ கற்றிருக்கிறது. ஆங்கிலம் அதையே 'பிஞ்ச்', 'டிராப்', 'ஹேண்ட்ஃபுல்', 'ஸ்லைஸ்' என்று செய்கிறது. 'ஹேண்ட்ஃபுல் ஆஃப்' என்பது மனிதர்களுக்கும் வரும். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் விரல்விட்டு எண்ணும்படியான சிலர்.

கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு பலகை

குறைவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் அதிகம் சண்டை கண்டது 'லெஸ்', 'ஃபியூவர்' ஜோடி. எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', அளப்பதற்கு 'லெஸ்' என்பது பள்ளியில் சொல்லித்தரும் விதி. ஆனால் ஆங்கிலேயக் கடைகளில் சில பொருள்கள் மட்டும் வாங்குபவர்களுக்கான விரைவு வரிசையின் மேலே 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை நெடுங்காலம் தொங்கியது. பொருள்களை எண்ணலாமே, 'ஃபியூவர்' என்றுதானே இருக்க வேண்டும் என்று இலக்கணப் பற்றாளர்கள் கொதித்தார்கள். 2008இல் டெஸ்கோ நிறுவனம் எளிய ஆங்கிலத்துக்காக இயங்கும் 'பிளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்' அமைப்பின் யோசனையைக் கேட்டு, பலகையை 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றியது. பத்து வரை என்று சொல்லிவிட்டால் இரண்டு சொல்லுமே தேவையில்லை.

இந்த விதியின் பிறப்பைத் தேடினால் ஒரு தனிமனிதரின் விருப்பத்தில் போய் முடிகிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி குறித்து ஒரு நூல் வெளியிட்டார். எண்ணிக்கையைச் சொல்லும்போது 'லெஸ்' என்பதைவிட 'ஃபியூவர்' பொருத்தமாக இருக்கும் என்று தாம் கருதுவதாக அதில் குறிப்பிட்டார். சட்டம் போடும் தொனி அதில் இல்லை. பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள் அந்த விருப்பத்தைக் கட்டளையாக்கினார்கள். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயர்கள் எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' போட்டே எழுதினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அரசர் ஆல்ஃபிரட் பெயரில் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே, குறைந்த சொற்களில் என்று சொல்ல 'லெஸ்'ஸின் பழைய வடிவம் வருகிறது.

அப்படியானால் இன்று எழுதுபவர் எதைப் பின்பற்றுவது? விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, அலுவலகக் கடிதம் போன்றவற்றில் பள்ளி விதியைக் கடைப்பிடிப்பதே பாதுகாப்பு. 'ஃபியூவர் ஸ்டூடன்ட்ஸ்', 'ஃபியூவர் எரர்ஸ்', 'லெஸ் டைம்', 'லெஸ் சுகர்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எண் கண்ட இடமெல்லாம் 'ஃபியூவர்' போடுவதும் தவறு. பணம், காலம், தொலைவு, எடை ஆகியவற்றில் எண் இருந்தாலும் அது ஒட்டுமொத்த அளவையே குறிக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவு என்பதில் யாரும் ரூபாய்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே 'லெஸ் தேன் ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ்', 'லெஸ் தேன் டூ இயர்ஸ்', 'லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்' என்பவையே சரி.

நம் ஊர் ஆங்கிலத்தில் இதோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: 'லெஸ்ஸர்'. 'ஐ காட் லெஸ்ஸர் மார்க்ஸ்', 'இட் டேக்ஸ் லெஸ்ஸர் டைம்' என்று அன்றாடம் கேட்கிறோம். 'லெஸ்' என்பதே ஒப்பீட்டு வடிவம். அதற்கு மேல் இன்னொரு 'அர்' தேவையில்லை. 'லெஸ்ஸர்' இன்றைய ஆங்கிலத்தில் மதிப்பிலோ தகுதியிலோ உருவத்திலோ தாழ்ந்ததைக் குறிக்கும் அடைமொழி. இரண்டு கெடுதல்களில் சிறியதை 'லெஸ்ஸர் ஈவில்' என்கிறார்கள். குஜராத்தின் உப்பு நிலங்களுக்கு வரும் இருவகைப் பூநாரைகளில் சிறியதற்கு 'லெஸ்ஸர் ஃபிளமிங்கோ' என்று பெயர். மதிப்பெண்ணுக்கு 'ஃபியூவர்' அல்லது 'லோயர்', நேரத்துக்கு 'லெஸ்' போதும். 'லெஸ் நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதையும் 'எ ஸ்மாலர் நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று திருத்த வேண்டும். விலை 'லெஸ்' ஆகாது, 'லோ' ஆகும்.

'ஹார்ட்லி'யின் உள்ளே ஒரு 'இல்லை'

'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' ஆகிய மூன்றும் 'கிட்டத்தட்ட இல்லை' என்பதைச் சொல்பவை. இவற்றுக்குள் 'இல்லை' ஏற்கெனவே ஒளிந்திருப்பதால், கூடவே 'நோ'வோ 'நாட்'டோ சேர்க்கக் கூடாது. 'தேர் இஸ் ஹார்ட்லி நோ வாட்டர்' என்பது பிழை. 'ஹார்ட்லி எனி வாட்டர்' என்பதே முறை. கடினமாக உழைத்தான் என்று சொல்ல நினைத்து 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்று எழுதிவிட்டால், அவன் வேலையே செய்யவில்லை என்று சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். உழைப்புக்கு வேண்டியது 'ஹார்ட்' மட்டும்: 'ஹி வொர்க்ட் ஹார்ட்.'

எண்களுக்கும் இலக்கணம் உண்டு

'எ கப்பிள் ஆஃப்' என்றால் பெரும்பாலும் இரண்டு. 'எ ஃபியூ' எத்தனை, 'செவரல்' எத்தனை என்பதற்கு எந்த அகராதியும் திட்டமான எண் தருவதில்லை. கதைக்கும் கடிதத்துக்கும் அந்த நெகிழ்வு போதும். பணம் கட்டும் கெடுவையும் பொருள் அனுப்பும் நாளையும் 'இன் எ ஃபியூ டேஸ்' என்று எழுதினால் வீண் தகராறுக்கு வழி. அங்கே தேதி வேண்டும்.

மருத்துவத்தில் இது இன்னும் கண்டிப்பானது. மிகச் சிறிய அளவுகள் உயிரோடு தொடர்புடையவை என்பதால், எண்ணை எப்படி எழுதுவது என்பதற்கே அங்கே விதிகள் உண்டு. அரை மில்லிகிராமை வெறும் புள்ளியோடு '.5' என்று எழுதினால், மங்கிய புள்ளி கண்ணில் படாமல் ஐந்தாகிவிடலாம். அதனால் முன்னால் பூஜ்யம் போட்டு '0.5' என்றே எழுத வேண்டும். ஒரு மில்லிகிராமை '1.0' என்று எழுதினாலும் ஆபத்துதான். புள்ளி தெரியாவிட்டால் அது பத்து. அங்கே பின்னால் பூஜ்யம் வரவே கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் 'ஜாயின்ட் கமிஷன்' 2004இல் வெளியிட்ட 'எழுதக் கூடாதவை' பட்டியலில் இந்த இரண்டும் இடம்பெற்றன. இன்சுலின் அளவைச் சொல்லும் 'யூனிட்' என்பதை ஆங்கில 'யூ' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்குவதும் அதே பட்டியலில் தடை செய்யப்பட்டது. அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் போலத் தெரிந்தால் நான்கு யூனிட் நாற்பதாகிவிடும்.

மைக்ரோகிராம் என்ற அளவுக்கும் இதே கவனம் தேவை. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம் உண்டு. தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரைகள் 25, 50, 100 மைக்ரோகிராம் என்ற அளவுகளில் வருகின்றன. மைக்ரோகிராமைக் கிரேக்க எழுத்தான 'மியூ' போட்டுச் சுருக்கினால், கையெழுத்தில் அது மில்லிகிராமின் 'எம்' போலத் தோன்றலாம். அளவு ஆயிரம் மடங்கு பிசகும். 'எம்.சி.ஜி.' என்றோ முழுச் சொல்லாகவோ எழுதும்படி மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வலியுறுத்துவது இதனால்தான்.

வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் திரவ மருந்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லிலிட்டர், ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 15. ஆங்கிலத்தில் இரண்டையும் சுருக்கி எழுதும்போது நடுவில் ஒரு 'பி' எழுத்துதான் வித்தியாசம். மருந்தோ மூன்று மடங்கு. வீட்டில் இருக்கும் கரண்டிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2015இல் இதற்கு முடிவு கட்டும் விதமாக, குழந்தைகளுக்கான திரவ மருந்துகளின் சீட்டிலும் லேபிளிலும் ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டு மில்லிலிட்டரில் மட்டுமே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே மருந்துக் கடைகளில் விற்கும் பல சிரப் பாட்டில்களின் மூடியிலும் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கின்றன. சீட்டில் 'ஒன் ஸ்பூன்' என்று மட்டும் இருந்தால், அது எத்தனை மில்லிலிட்டர் என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிப் பெற்றோர் வாங்கிக்கொள்ளலாம்.